பின்பலகைக்குள் நிற்கும் தண்ணீர்

இரும்பை,
சித்திரை 12

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுகிறேன். பொம்மையார்பாளையம் கரையில் கிடந்த பழைய பைபர் படகை நீ வாங்கிவிட்டதாக அக்கா சொன்னாள். பாதிப்பேர் உன்னைத் திட்டியிருப்பார்கள். நான் திட்டமாட்டேன். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரைக்கு வந்த படகு என்றால் அதற்கு ஏறக்குறைய இருபது வயது. 2011 டிசம்பரில் தானே புயலையும் பார்த்திருக்கும். கட்டுமரம் ஓட்டிய எத்தனையோ பேர் அந்த மாதிரிப் படகில்தான் பைபருக்கு மாறினார்கள். ஓடு உறுதியாக இருந்தால் இன்னும் உழைக்கும்.

ஆனால் பெயிண்ட் வாங்க ஓடாதே. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

முதலில் படகைக் கவிழ்த்துப்போட்டு நல்ல தண்ணீரில் உப்புப் போகக் கழுவு. பிறகு ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போ. 'டிக் டிக்' என்றால் நல்ல இடம். 'தொப்'பென்று செத்த சத்தம் வந்தால் உள்ளே கண்ணாடியிழை மேட் பிரிந்திருக்கிறது. சாக்பீஸால் வட்டம் போடு. அடியில் அம்மை போட்ட மாதிரி கொப்புளம் இருந்தால் ஒன்றைக் குத்திப் பார். பிசுபிசுத்த நீர் வந்து காடி வாடை அடித்தால், தண்ணீர் ரெசினுக்குள்ளேயே இறங்கிவிட்டது.

எனக்குப் பயமெல்லாம் என்ஜின் மாட்டும் பின்பலகை மேல்தான். வெளியே பைபர், உள்ளே பிளைவுட். போல்ட் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் வருஷக்கணக்கில் உள்ளேயே நிற்கும்; மேலே பளபளப்பு மாறாது. ஓட்டைக்குள் ஸ்குரூ டிரைவரை விட்டு நோண்டு. நனைந்த புகையிலை மாதிரி கறுப்பாக வந்தால் மொத்தத்தையும் அறுத்து எடு. படகுப் பட்டறையில் சேர்ந்த புதிதில் நான் ஈரம் காயாத பலகைமேல் மூன்று மேட் போட்டு மூடினேன். படகுக்காரருக்கு அவசரம், எனக்குக் கூலி வேண்டும். இரண்டாம் மாதம் நடுக்கடலில் பலகை என்ஜினோடு ஆட ஆரம்பித்தது. கயிறு போட்டுக் கட்டி எப்படியோ கரை சேர்ந்தார்கள். அந்த மனிதர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் எனக்கு அது உறுத்துகிறது.

அதனால் காயவிடு. இந்த வெயிலை விட்டால் கிடைக்காது. பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வெயிலில் விடு. உள்பக்கம் வியர்த்தால் ஈரம் போகவில்லை.

பழைய ரெசினும் புது ரெசினும் தானாக ஒட்டாது. சொரசொரப்பில்தான் பிடிப்பு. கெட்டதை அறுத்தெடுத்த ஓட்டையைச் சுற்றி, படகு ஓட்டின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய். முழுக்கைச் சட்டை, மாஸ்க், கண்ணாடி இல்லாமல் கிரைண்டரைத் தொடாதே. தேய்த்து முடித்ததும் பச்சைத்தண்ணீரில் குளி. வெந்நீர் ஊற்றினால் அரிப்பு கூடும்.

பனி விலகியதும், வெயில் ஏறுமுன் ரெசின் கலக்கு. கிலோவுக்குப் பத்திலிருந்து இருபது மில்லி ஹார்டனர் போதும். ரெசின் சீக்கிரம் இறுகச் சேர்க்கும் கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலந்துவிட்டுத்தான் ஹார்டனர் ஊற்ற வேண்டும். இரண்டையும் நேராகச் சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இதில் மட்டும் யார் சொன்னாலும் கேட்காதே. மிதப்புக்காக வைத்த தெர்மாகோல் மேல் ரெசின் பட்டால் சர்க்கரை மாதிரி கரைந்துபோகும், அதையும் பார்த்துக்கொள்.

உன் பழைய படகை நினைத்தால் ஒன்று ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் உன்னை நம் மாகாளேசுவரர் கோயிலுக்குத் தோளில் தூக்கிப் போவேன். கடுவெளிச் சித்தர் பாட்டுக்கு மூன்றாகப் பிளந்ததென்று சொல்கிற லிங்கத்தைச் செப்புத் தகட்டால் கட்டித்தான் பூஜை நடக்கிறது. "ஏன் மாமா புதுசு வைக்கலை?" என்று கேட்டாய். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறேன். பின்பலகையைத் திறந்து வை. நான் பார்க்கும்வரை எதையும் போட்டு மூடாதே.

உன் மாமா