23 கோலும் 4 கோலும்

அண்டர் 15 சீசனில் நான் அடித்தது 23 கோல். அப்போது எங்கள் செட்டில் நான்தான் உயரம், ஓட்டத்திலும் என்னைப் பிடிக்க ஆள் கிடையாது. பின்னாலிருந்து யாராவது நீளமாகத் தூக்கிப் போட்டால் போதும், டிஃபெண்டரைத் தோளால் ஒதுக்கிவிட்டு ஓடுவேன். எதிரே கீப்பர் மட்டும் நிற்பான்.

19 வயதில் சென்னையில் ஒரு கிளப்பின் ரிசர்வ் டீமுக்குப் போனேன். முதல் சீசன் முழுக்க 4 கோல். எதிரே நின்றவர்கள் முப்பதைத் தொட்ட ஆட்கள். நான் ஓட ஆரம்பிக்கும் முன்பே நாலடி பின்வாங்கி நின்றுகொள்வார்கள். என் வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அந்த வருஷம்தான் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினேன். பழைய 23 கோலையும் யோசித்து யோசித்து எழுதினேன்: பால் எங்கிருந்து வந்தது, எத்தனை டச், எந்தக் கால். 17 கோல் ஓட்டத்தில் முந்தி அடித்தவை. இடது காலில் ஒன்றே ஒன்று. தலையால் ஒன்றுகூட இல்லை. அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. எண்ணிக்கையைப் பார்த்துப் பூரித்த யாருமே, நான் உட்பட, கோல் எப்படி விழுந்தது என்று கேட்கவில்லை.

டீமில் ஒரு சீனியர் அண்ணன் என்னைத் தனியாக நிறுத்திச் சொல்லிக்கொடுத்தார். "பாலையே பாக்காத தம்பி. உன்னப் புடிக்கிறவன் தலையப் பாரு. அவன் பாலப் பாக்கத் திரும்புற நேரத்துல நகரு." வலப்பக்கம் கிராஸுக்குத் தயாராகும்போது ஃபார் போஸ்ட் பக்கம் இரண்டு எட்டு வைக்க வேண்டும். டிஃபெண்டரும் கூடவே வருவான். அவன் தலை திரும்பியதும் அவன் முன்னால் வெட்டி நியர் போஸ்டுக்குப் பாய வேண்டும். மூன்று மாதம் பழகினேன். அப்படி விழுந்த முதல் கோல் மழைத்தண்ணீர் தேங்கிய மைதானத்தில், பந்து என் கணுக்காலில் பட்டு உள்ளே போனது. அடுத்த சீசனில் 11 கோல்.

ரிசர்வில் பெஞ்சில்தான் பாதிக் காலம் போகும். அங்கே உட்காரும் பையன்கள் போனை எடுக்கவே கூடாது. எந்த டிஃபெண்டர் மூச்சு வாங்குகிறான், எவன் எந்தப் பக்கம் திரும்பத் தடுமாறுகிறான் என்று பார்த்து வைத்தால், கிடைக்கிற கடைசி 15 நிமிஷத்தில் எங்கே போய் நிற்பது என்று தெரியும்.

காரைக்குடி பக்கத்துக் கண்டனூர்ப் பையன் சிவசக்தி நாராயணன் பெங்களூரு எஃப்சியின் ரிசர்வ் டீமில் கோலடித்துத்தான் மேலே வந்தார். 2022 டூரண்ட் கோப்பை இறுதியாட்டத்தில் மும்பை சிட்டிக்கு எதிரான முதல் கோல் அவருடையது. 2014-15 பிரீமியர் லீக்கில் 21 கோல் அடித்த ஹாரி கேன், அதற்கு முன் நான்கு கிளப்புகளுக்கு லோனில் போனவர். லேட்டன் ஓரியன்டில் 18 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தது 5. ரிசர்வ் என்றதும் முகம் வாடும் பையன்களிடம் இந்த இரண்டு பேரையும்தான் சொல்வேன்.

இப்போது என்னிடம் பயிற்சி எடுக்கும் 14 வயதுப் பையன் ஒருவன் போன வாரம் ஓடிவந்து, "சார், இந்த சீசன்ல 12 கோல்!" என்றான். கட்டிப்பிடித்துக்கொண்டேன். பிறகு, என்னைப் போலவே அவனும் கோல்களை எழுதிவைக்கும் நோட்டைத் திறந்தோம். இடது கால் என்ற இடம் காலியாக இருந்தது. மைதானத்துச் சுவரில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுக் கொடுத்தேன். தினமும் இடது காலால் 100 தடவை அதில் அடிக்கிறான். நேற்று 38 பட்டது.