குறை அவரிடம், பேச்சு எனக்கா?

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும் தம்பதியரின் மனநலம் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் மனநல ஆலோசகர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: எனக்கு 33 வயது, கணவருக்கு 37. கல்யாணமாகி ஏழு வருஷம். பரிசோதனையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவருக்கு உயிரணு எண்ணிக்கை மிகவும் குறைவு என்று வந்தது. இக்ஸி செய்தோம். முதல் முறை நெகட்டிவ். அடுத்த மாதம் மறுபடி ஆரம்பிக்கப்போகிறோம். ‘ரிப்போர்ட்டைப் பத்தி எங்க வீட்ல சொல்லிடாதே’ என்று அவர் கேட்டுக்கொண்டார், நானும் சொல்லவில்லை. ஆனால் ‘இன்னும் விசேஷம் இல்லையா?’ என்ற கேள்வி வருவது என்னிடம்தான். வளைகாப்பு வீட்டில் வளையல் போட என்னை மட்டும் கூப்பிடாமல் விடுகிறார்கள். இப்போது நாத்தனார், ‘நீங்க மனசைப் போட்டு அலட்டிக்கிட்டதாலதான் நிக்கல அண்ணி’ என்கிறார். அதுதான் உண்மையோ என்று பயமாக இருக்கிறது. கணவர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. வேலை முடிந்து பத்து மணிக்குத்தான் வீட்டுக்கு வருகிறார்.
– பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், சகோதரி. நீங்கள் கவலைப்பட்டதால் கரு தங்காமல் போகவில்லை. இதை ஆய்வாளர்கள் நேராகவே எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2011-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, 14 ஆய்வுகளில் பங்கேற்ற 3,583 பெண்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. சிகிச்சைக்கு முன் மன உளைச்சல் அதிகம் இருந்தவர்களுக்கு அந்தச் சுற்றில் வாய்ப்பு குறைந்ததாகத் தெரியவில்லை. பார்க்க நல்லபடியாக வளர்ந்த கருவும் தங்காமல் போவதுண்டு. அதற்கு அடிக்கடி காணப்படும் காரணம் கருவின் குரோமோசோம்களில் உள்ள கோளாறு. நீங்கள் அழுததும் தூங்காமல் யோசித்ததும் அங்கே போய் எதையும் கெடுக்கவில்லை.

‘மனசை லேசா வச்சுக்கோ’ என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஊசியும் போட்டுக்கொண்டு, முகத்தில் சிரிப்பையும் வைத்துக்கொள் என்றால் அது கேட்கிறவளுக்கு இன்னொரு பாரம். அழுகை வந்தால் அழுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்தியது வேறு இடம். ஒரே ஓர் உயிரணுவை எடுத்து முட்டைக்குள் நேரடியாகச் செலுத்தும் இக்ஸி முறையில் குழந்தைகள் பிறந்ததை பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் மருத்துவர்கள் 1992-இல் அறிவித்தார்கள். அதற்கு முன் உங்கள் கணவரைப் போன்ற பலருக்குச் சொந்தக் குழந்தைக்கான வழியே இல்லை. பெரிய வரம்தான், மறுக்கவில்லை. ஆனால் குறை அவருடையதாக இருந்தாலும் சிகிச்சை நடப்பது உங்கள் உடம்பில். சுமார் பத்து நாள் ஊசி, ஒன்றுவிட்டு ஒருநாள் ஸ்கேன், மயக்க மருந்து கொடுத்து முட்டை எடுப்பது, பிறகு கரு வைப்பது எல்லாமே உங்களுக்கு. இதற்கு மேல் ஊர்ப் பேச்சும் உங்களுக்கே என்பது அநியாயம். தன் ரிப்போர்ட்டை ரகசியமாக வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. அந்த ரகசியத்தின் பழியை உங்கள் மேல் விழ விடுவதற்கு உரிமை கிடையாது.

எண்ணிக்கை எதையும் வெளியில் சொல்லாமலே அவரால் உங்களைக் காப்பாற்ற முடியும். அம்மாவையும் தங்கையையும் உட்கார வைத்து அவர் இப்படிச் சொன்னால் போதும்: ‘எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ட்ரீட்மென்ட் நடக்குது. சொல்ல வேண்டியது வந்தா நானே சொல்றேன். அவகிட்ட யாரும் எதுவும் கேக்கக் கூடாது.’ இது அவர் வாயிலிருந்து வர வேண்டும். நீங்கள் சொன்னால் வாய்த்துடுக்கு என்பார்கள்.

பத்து மணிக்கு வருகிற அவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். உயிரணு குறைவு என்ற தாளைக் கையில் வாங்கிய அன்றே தன் ஆண்மை போய்விட்டதாக நினைக்கும் ஆண்கள் ஏராளம். உயிரணு உற்பத்தி வேறு, தாம்பத்திய வலிமை வேறு. இதை அவருக்கு எடுத்துச் சொல்ல யாராவது இருந்தார்களா? துக்கத்தை வேலைக்குள் புதைத்துக்கொள்கிற மனிதரிடம் ‘ஏன் பேச மாட்டேங்கறீங்க?’ என்று கேட்டால் இன்னும் இறுகிப் போவார். அவரிடம் பொறுப்பைக் கொடுங்கள். ஊசி போட அவர் கற்றுக்கொள்ளட்டும். முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு போடும் கடைசி ஊசி நேரம் தவறக் கூடாதது; அந்த நேரத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலையாகட்டும். ஸ்கேனுக்கு உங்களோடு வரட்டும். தன் உடம்பையும் அவர் கவனிக்க வேண்டும். உயிரணு உருவாக இரண்டரை மாதம் ஆகிறது. அதனால் இன்று சிகரெட்டையும் மதுவையும் விட்டால் பலன் மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். விதைப்பையில் ரத்தக்குழாய் வீங்கும் வேரிகோசில் போன்ற குறை இருக்கிறதா என்று ஆண்களுக்கான மருத்துவர் அவரை நேரில் பரிசோதித்தாரா, இல்லை ரிப்போர்ட்டைப் பார்த்தே இக்ஸிக்கு அனுப்பிவிட்டார்களா? அடுத்த சுற்றுக்கு முன் கேளுங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எத்தனை முறை முயல்வது, எவ்வளவு பணம் வரை போவது, எந்த நகையைத் தொடவே கூடாது, எப்போது நிறுத்தி மூச்சு விடுவது. நெகட்டிவ் வந்த மறுநாள் எடுக்கிற முடிவு நிதானமாக இருக்காது. 2021-ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி, வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு இவற்றோடு தத்தெடுக்கும் வழியையும் தம்பதிக்கு எடுத்துச் சொல்லி ஆலோசனை தருவது மருத்துவமனையின் கடமை. ‘கவுன்சலரைப் பாக்கணும்’ என்று தயங்காமல் கேளுங்கள், இருவரும் சேர்ந்தே போங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூடக் காத்திருக்க வேண்டாம். மத்திய அரசின் ‘டெலி மனஸ்’ உதவி எண் 14416-இல் எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

கேள்வி: கரு வைத்திருக்கிறார்கள். ரிசல்ட் வரும்வரை படுத்தே இருக்க வேண்டும் என்கிறார் அம்மா. மார்பு வலிக்கிறது, இது நல்ல அறிகுறியா?
– வாசகி, ஆவடி

பதில்: படுத்தே இருப்பதால் வாய்ப்பு கூடுவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கருப்பையின் முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டியே இருப்பவை. நடந்தாலோ இருமினாலோ பாத்ரூம் போனாலோ கரு விழுந்துவிடாது. வீட்டிலேயே கிடந்தால் யோசனைதான் கூடும். மருத்துவர் தடை சொல்லாதவரை வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்.

மார்பு வலி, வயிறு உப்புசம் இரண்டையும் இப்போது தருகிற புரோஜெஸ்டிரோன் மருந்தே உண்டாக்கும். மாதவிலக்கைத் தள்ளிப்போடவும் செய்யும். ஆகவே இந்த நாட்களில் அறிகுறியை வைத்து மகிழவும் வேண்டாம், உடைந்துபோகவும் வேண்டாம். வீட்டில் கார்டு வைத்து முன்னதாகப் பார்ப்பதையும் தவிர்த்துவிடுங்கள். எச்.சி.ஜி. ஊசி போட்டிருந்தால் அதன் மிச்சமே பொய்யாக இரண்டு கோடு காட்டும். மருத்துவர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்வதுதான் சரி. ஆனால் வயிறு வேகமாக வீங்குவது, மூச்சு வாங்குவது, சிறுநீர் குறைவது இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: மகனும் மருமகளும் கோயம்புத்தூரில் ட்ரீட்மென்ட் எடுக்கிறார்கள். நான் திருக்கருகாவூர் போய் நெய் வாங்கி வந்து கொடுத்தேன், சஷ்டி விரதம் இருக்கச் சொன்னேன். மருமகள் முகம் சுருங்கிவிட்டது. நான் என்ன தப்பாகச் சொன்னேன்?
– தாய் ஒருவர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்கள் மனசு எனக்குப் புரிகிறது, அம்மா. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகையை வேண்டிக்கொள்வதில் தவறே இல்லை. அவளுக்கும் நம்பிக்கை இருந்தால் அந்த நெய் ஆறுதலாகவே இருக்கும். ஆனால் ஊசி போடுகிற நாட்களில் பட்டினி வேண்டாம். மருத்துவரிடம் கேட்காமல் நாட்டு மருந்தும் வேண்டாம். விரதத்தை அவளுக்காக நீங்கள் இருங்கள்.

அவள் முகம் சுருங்கியதற்குக் காரணம் நெய்யாக இருக்காது. ‘இதையும் செய், அதையும் செய்’ என்று ஒவ்வொருவரும் சொல்லும்போது, தான் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்றே ஒரு பெண்ணுக்குக் காதில் விழும். போனில் ‘ரிசல்ட் என்னாச்சு?’ என்று கேட்காதீர்கள். நல்ல சேதி என்றால் அவர்களே உங்களுக்கு முதலில் சொல்வார்கள். முட்டை எடுக்கிற வாரம் போய் நாலு நாள் இருந்து சமைத்துப் போடுங்கள், அது பெரிய உதவி. உறவில் வளைகாப்பு, பெயர் வைக்கும் விழா என்று அழைப்பு வந்தால் போவதும் போகாததும் அவள் விருப்பம். அவள் வராத இடத்தில் ‘மருமக எங்கே?’ என்று கேட்பவர்களுக்கு நீங்களே பதில் சொல்லி முடித்துவிடுங்கள். மாமியார் சொன்ன பிறகு யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. அந்தச் செல்வாக்கை அவளுக்காகப் பயன்படுத்துங்கள், அம்மா.