பழனி பாதயாத்திரை: கால்களைப் பழக்கிவிட்டுக் கிளம்புங்கள்



தை பிறந்துவிட்டால் பழனிச் சாலை எங்கும் பச்சையும் காவியும் உடுத்திய பக்தர் கூட்டம்தான். காரைக்குடி, குன்றக்குடிப் பக்கத்தார் நத்தம், திண்டுக்கல் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் நடந்து வருகிறார்கள். திண்டுக்கல்லில் சேர்ந்துகொள்வோருக்கு ஒட்டன்சத்திரம் வழியாகச் சுமார் 60 கிலோமீட்டர். கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து நடப்பவர்கள் இதில் ஏராளம். பிள்ளை வரம் கேட்டு ஒரு ஜோடி, பிறந்த பிள்ளைக்கு நன்றி சொல்ல ஒரு ஜோடி.

மாலை போடுவது எப்படி, விரதம் இருப்பது எப்படி என்று எல்லாருக்கும் தெரிகிறது. காலைப் பழக்குவது எப்படி என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. முதல் நாள் உற்சாகமாக நடந்துவிட்டு, இரண்டாம் நாள் உள்ளங்காலில் கொப்புளமும் கெண்டைக்காலில் வலியுமாகச் சாலையோரம் உட்கார்ந்துவிடுகிறார்கள். இதற்குக் காரணம் பக்திக் குறைவு அல்ல, பயிற்சிக் குறைவே.

"நாங்க தினமும் வயல்ல நடக்கிறவங்கதானே?"

ஒரு கிராமக் கூட்டத்தில் ஒரு விவசாயி என்னிடம் கேட்ட கேள்வி இது. நல்ல கேள்விதான். வயல் வேலையில் குனிகிறோம், நிமிர்கிறோம், நிற்கிறோம், வரப்பில் கொஞ்சம் நடக்கிறோம். கால் படுவது மெத்தென்ற மண்ணில். யாத்திரையிலோ ஒரே மாதிரியான அசைவை, கெட்டியான தார்ச்சாலையில், ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் செய்கிறோம். ஒவ்வோர் அடியும் ஒரே இடத்தில் உராய்கிறது. சூடும் வியர்வையும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம் வரும். பழகாத தசைநார் வீங்கும். தசை சில வாரங்களில் பலப்படும். தசைநாரும் உள்ளங்கால் தோலும் மெதுவாகத்தான் பழகும். ஆகவே கடைசி வாரத்தில் ஓடி ஓடிப் பயிற்சி செய்வதால் பயனில்லை.

ஆறு வாரப் பயிற்சி

யாத்திரை கிளம்பும் நாளிலிருந்து ஆறு வாரம் பின்னோக்கி எண்ணி, காலண்டரில் ஒரு வட்டம் போடுங்கள். அதுவே உங்கள் பயிற்சி தொடங்கும் நாள். வாரத்தில் ஐந்து நாள் சிறு நடை, ஒரு நாள் நெடுநடை, ஒரு நாள் ஓய்வு.

முதல் வாரம்: தினம் 30 நிமிடம். நெடுநடை 4 கிலோமீட்டர்.
இரண்டாம் வாரம்: தினம் 40 நிமிடம். நெடுநடை 7 கிலோமீட்டர்.
மூன்றாம் வாரம்: தினம் 45 நிமிடம். நெடுநடை 10 கிலோமீட்டர்.
நான்காம் வாரம்: தினம் 1 மணி நேரம். நெடுநடை 14 கிலோமீட்டர்.
ஐந்தாம் வாரம்: தினம் 1 மணி நேரம். நெடுநடை 18 கிலோமீட்டர். மறுநாளே 8 கிலோமீட்டர். அதற்கடுத்த நாள் ஓய்வு.
ஆறாம் வாரம்: தினம் 30 நிமிடம் மட்டும். கடைசி இரண்டு நாள் ஓய்வு.

ஐந்தாம் வாரத்தில் மறுநாளும் நடக்கச் சொல்வது எதற்காக? யாத்திரையில் களைத்த காலோடு மறுநாளும் எழுந்து நடக்க வேண்டியிருக்கிறதே, அதற்காகத்தான்.

இது 60 கிலோமீட்டரை மூன்று நாளில் நடப்பவர்களுக்கான கணக்கு. 150 கிலோமீட்டர் நடப்பவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கி, நான்காம், ஐந்தாம் வாரப் பயிற்சிகளை மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

வேகம் எவ்வளவு? மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போதும். 'அரோகரா' என்று மூச்சு வாங்காமல் சொல்ல முடிந்தால் வேகம் சரி. சொல்ல முடியவில்லையென்றால் குறைத்துக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை ஊர்க் கோயில் படியோ, பள்ளிக்கூட மாடிப்படியோ ஏறி இறங்குங்கள். பழனி மலையில் அறுநூறுக்கு மேற்பட்ட படிகள் கடைசியில் காத்திருக்கின்றன. முடியாதவர்களுக்கு இழுவை ரயில் இருக்கிறது. அதில் ஏறுவதில் வெட்கம் வேண்டாம்.

ஐயா, உங்களுக்கு ஒரு வார்த்தை

விடியற்காலை நீங்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடைக்குக் கிளம்பிவிடலாம். உங்கள் மனைவிக்கு அப்படியா? வாசல் தெளிக்கணும், கோலம் போடணும், தண்ணீர் பிடிக்கணும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பணும். பயிற்சியில்லாமல் அவர் யாத்திரைக்கு வந்து வழியில் விழுந்தால் குற்றம் யாருடையது? ஆறு வாரமும் தண்ணீர் பிடிப்பதையும் பிள்ளைகளைக் கிளப்புவதையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்தே நடங்கள். இதுவும் விரதத்தில் சேர்த்திதான்.

புறப்படுமுன் பரிசோதனை

பயிற்சி தொடங்கும் முன்பே இருவரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று இரத்த அழுத்தம், சர்க்கரை, இரத்தசோகை ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகை. "நாலு எட்டு வச்சா நெஞ்சு படபடங்குது" என்று சொல்லும் பெண்களில் பலருக்கு இதுதான் காரணம். இரும்புச்சத்து மாத்திரையை இப்போதே தொடங்கினால் யாத்திரைக்குள் ஓரளவு தேறலாம். நடக்கும்போது நெஞ்சுவலி, தலைசுற்றல் வருகிறவர்கள் மருத்துவர் சொல்லாமல் கிளம்பக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பலருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். முள் குத்தினாலும் தார் சுட்டாலும் தெரியாது. சிறு புண் பெரிதாகி விரலையே எடுக்க நேரிடலாம். ஆகவே வெறுங்கால் நடை கூடவே கூடாது. எம்.சி.ஆர். செருப்போடு நடங்கள். தினம் இரவில் ஒருவர் பாதத்தை ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். மாத்திரைகளையும், மயக்கம் வந்தால் வாயில் போடச் சர்க்கரையோ வெல்லமோ சிறிதும் கையில் இருக்கட்டும். விரதமென்று சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் போடாதீர்கள்.

தாய்மார்கள் அறிய வேண்டியவை

1. கர்ப்பமாக இருப்பவர்கள் இந்த நெடும் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். ஒரு மாமியார் என்னிடம் கேட்டார்: "வேண்டிக்கிட்டுத்தானே உண்டாயிருக்கா, நடக்காம இருந்தா சாமி குத்தமாயிடாதா?" நான் சொன்னேன்: "அம்மா, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிஞ்சு சாமி படத்துக்கிட்ட வையுங்க. நம்ம வழக்கத்திலேயே இதுக்கு இடம் இருக்கு. பிள்ளை பிறந்து வளர்ந்த பிறகு மூணு பேருமாப் போய்ச் செலுத்தட்டும்." அவர் அப்படியே செய்தார்.

2. பிரசவமாகி ஆறு மாதம் ஆகாதவர்களும் காத்திருக்க வேண்டும். அதுவரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே உணவு. தாய் பல நாள் பிரிந்தாலும் கேடு. கைக்குழந்தையை வெயிலிலும் பனியிலும் தூக்கித் திரிந்தாலும் கேடு. சிசேரியன் ஆனவர்களும், கு.க. ஆபரேஷன் செய்துகொண்ட இருபாலாரும் மருத்துவரைக் கேட்டே பயிற்சி தொடங்க வேண்டும்.

3. மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருக்கிறது. இது ஹார்மோன் மாத்திரை. கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த அனுபவம் உள்ளவர்கள், கல்லீரல் கோளாறு உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள் இதைத் தொடக் கூடாது. மற்றவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும்.

4. "விரதந்தானே" என்று மாலா-என் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. தவறு இங்கேதான் நடக்கிறது. விரதம் முடிந்து வீடு திரும்பிய பின் பாதுகாப்பு இருக்காது. வேண்டாத கர்ப்பம் வந்துவிடும். மாத்திரை அட்டையை மடியில் முடிந்துகொண்டு யாத்திரையிலும் தினம் ஒன்று தவறாமல் போடுங்கள். ஒரு நாள் மறந்தால் ஞாபகம் வந்தவுடன் போட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தியே விட்டிருந்தால், அடுத்த மாதவிலக்கின் முதல் ஐந்து நாளுக்குள் புது அட்டை தொடங்கும் வரை கணவர் நிரோத் உபயோகிக்க வேண்டும்.

வழியில்

* புதுச் செருப்பு வேண்டாம். பயிற்சியில் போட்டுப் பழகியதே நல்லது. வெறுங்காலோடு நடக்க வேண்டியவர்கள் பயிற்சியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெறுங்காலில் பழக வேண்டும்.
* கொப்புளத்தைக் கிள்ளாதீர்கள். கழுவித் துடைத்துச் சுத்தமான துணியால் மூடுங்கள்.
* தாகம் எடுக்கும் முன்பே அடிக்கடி தண்ணீர் குடியுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீர், தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.
* வலி மாத்திரையை வேளைக்கு வேளை விழுங்காதீர்கள். உடம்பில் நீர் வற்றிய நேரத்தில் அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.
* விடியலிலும் மாலையிலும் நடந்து, உச்சி வெயிலில் ஓய்வெடுங்கள்.
* இரவில் நடப்பது ஆபத்து. நடந்தே தீர வேண்டுமென்றால் ஒளிரும் பட்டையும் டார்ச்சும் அவசியம். நடைபாதை இருந்தால் அதிலே நடங்கள். இல்லாத இடத்தில் எதிரே வண்டி வருவது தெரியும்படி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடங்கள். சாலையில் படுக்கவே படுக்காதீர்கள்.
* நெஞ்சுவலி, மயக்கம், விபத்து எதுவானாலும் உடனே 108-ஐ அழையுங்கள்.

கூடிப் பேசுங்கள்

இரவில் சாப்பிட்டு உட்கார்ந்ததும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. நம் பயிற்சி தொடங்கும் நாள் எது?
2. வீட்டு வேலையில் யார் எதை எடுத்துக்கொள்வது?
3. நம்மில் யாருக்குப் பரிசோதனை பாக்கி?
4. இந்த ஆண்டு இருவரும் நடக்கலாமா, ஒருவர் காத்திருக்க வேண்டுமா?

நாலாவது கேள்விக்குப் பதில் சொல்லச் சங்கடமாக இருந்தால், உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் இருவருமாகச் சென்று கேளுங்கள். ஓர் ஆண்டு பொறுத்தால் வேண்டுதல் கெடாது. தாயும் சேயும் நலமாக இருந்தால் மலை ஏறுவதற்கு எத்தனையோ தைப்பூசம் வரும்.