கடை இலையும் வீட்டு இலையும்

சோறு, மூன்று காய், வெள்ளரிக்காய்ப் பச்சடி, அப்பளம், மோர் மிளகாய், ரசம், மேலே ஊற்றிக்கொள்ள ஒரு குழம்பு, ஓரத்தில் ஆட்டிறைச்சிப் பிரட்டலோ பொரித்த மீனோ: கிள்ளான் பள்ளத்தாக்கில் ‘வாழை இலை’ என்று சொன்னால் இதுதான் பொருள். பங்சார், பெட்டாலிங் ஜெயா, பிரிக்பீல்ட்ஸின் ஸ்காட் சாலை, கிள்ளானின் தெங்கு கெலானா சாலை என்று இலைச் சாப்பாட்டுக்குப் பெயர்போன இடங்கள் பல. கோலாலம்பூருக்குத் தெற்கே, உலு லங்காட் மாவட்டத்தில் இருக்கும் செமினியில் இந்தச் சாப்பாடு நீண்ட காலம் வீட்டுக்குள்ளேயேதான் இருந்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும், செம்பனை பிறகு வீடமைப்புக்கும் இடம் விட்டன. ரிஞ்சிங், டொமினியன் போன்ற தோட்டப் பெயர்கள் இன்று தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களில் தங்கியிருக்கின்றன. தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீடுகளுக்கு வந்த குடும்பங்களுக்கு ஞாயிறு மதியம் இரண்டு வழி உண்டு: காலையிலேயே அடுப்பைப் பற்றவைப்பது, அல்லது காரை எடுத்துக்கொண்டு காஜாங் பக்கமோ அதற்கு அப்பாலோ ஓர் இலைக்கடைக்குப் போவது.

இங்கிலாந்திலும் இதே கேள்வி ஞாயிறுதோறும் எழுகிறது. அங்கே அது அடுப்பில் வாட்டிய மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் யார்க்‌ஷயர் புட்டிங்கும் சேர்ந்த மதிய விருந்து. மதுக்கடைகள் அதைக் காலையிலேயே வாட்டி, சீவி, சூடு காக்கும் பெட்டியில் வைத்துப் பரிமாறுகின்றன. வீட்டில் அது அடுப்பிலிருந்து நேரே மேசைக்கு வருகிறது. 2005 முதல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக வளாகம் செமினியில் இருப்பதால், இரண்டு விருந்துகளையும் அறிந்தவர்கள் இந்த ஊரில் அரிதல்ல. இரண்டிலும் சுவையைத் தீர்மானிப்பது ஒன்றுதான்: அடுப்பிலிருந்து இறங்கிய நேரத்துக்கும் வாய்க்குப் போகும் நேரத்துக்கும் உள்ள இடைவெளி. ‘கைமணம்’ என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் பாதிக்கு மேல் இந்த இடைவெளியின் வேலை. இதை மனத்தில் வைத்து இலையிலுள்ள ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தால், கடை எங்கே வெல்கிறது, வீடு எங்கே வெல்கிறது என்பது தெளிவாகிவிடும்.

முதலில் இறைச்சி. தோட்டத்துக் காலத்தில் தீபாவளிக்கு ஆடு வெட்டிப் பங்கு போட்டுக்கொள்வார்கள். அந்தக் கறியின் ருசியை வைத்துத்தான் மூத்தவர்கள் இன்றும் மற்றதை அளக்கிறார்கள். இப்போது மலேசியாவில் விற்கும் ஆட்டிறைச்சியின் பெரும்பகுதி ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் உறையவைத்து வருவது. உள்ளூர் ஆட்டுக்கறிக்கு விலை கூடுதல். அதை வாங்க விடியற்காலையிலேயே பசாருக்குப் போகவேண்டும். உறைந்த கறியைக் கெடுப்பது பெரும்பாலும் அதை உருகவைக்கும் விதம்தான். சுடுநீரில் போட்டால் வெளிப்புறம் வெந்துபோய் உள்ளே பனிக்கட்டி நிற்கும். முந்தைய நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, காலையில் வடிந்த சிவப்பு நீரைக் கொட்டி, துணியால் ஒற்றி எடுத்த கறியில் வாடை பாதி குறைந்துவிடுகிறது.

எந்தப் பகுதியை வாங்குவது என்பது அடுத்தது. தொடைக்கறி பார்க்க அழகாக இருக்கும். பிரட்டலுக்கு அது ஏற்றதல்ல, நார் நாராக உலர்ந்துவிடும். கழுத்து, நெஞ்செலும்பு, முன்னங்கால் ஆகியவற்றில்தான் சவ்வு அதிகம். அந்தச் சவ்விலுள்ள கொலாஜன் மெதுவான சூட்டில் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இருந்தால் பசையாகக் கரைகிறது. மசாலா கறியில் ஒட்டிக்கொள்வது அந்தப் பசையால்தான். உப்பும் மஞ்சளும் இஞ்சி பூண்டு விழுதும் பிசறி, தண்ணீர் விடாமல் மூடி, சிறுதீயில் வேகவிட்டால் கறி தன் நீரிலேயே வேகும். நேரம் இல்லாதவர்கள் குக்கரில் வைக்கலாம். கறி மெத்தென்று ஆகிவிடும், ஆனால் விட்ட நீரெல்லாம் பாத்திரத்திலேயே நிற்கும். மூடியைத் திறந்து அந்த நீரை முழுக்க வற்றவைத்த பிறகுதான் பிரட்டும் வேலை தொடங்குகிறது.

பிரட்டல் என்ற பெயரே அந்தக் கடைசி அரை மணி நேரத்தைத்தான் குறிக்கிறது. பாத்திரத்தில் நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது; கறி வேகும், சிவக்காது. நீர் வற்றி எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது அடிச்சூடு 140 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. கறி கருஞ்சிவப்பாவதும் தெருமுனை வரை மணம் போவதும் அப்போதுதான். கறித்தூளைச் சூடான எண்ணெயில் நேரே கொட்டினால் ஒரு நொடியில் கருகிக் கசக்கும். கொஞ்சம் நீரில் குழைத்துச் சேர்ப்பது பாதுகாப்பு. மிளகும் சோம்பும் இடித்த தூள், ஒரு கைப்பிடி கறிவேப்பிலை ஆகியவை இறக்குவதற்கு முன் போகவேண்டும். தேங்காய்ப்பாலைச் சேர்த்து இதைக் குருமாவாக மாற்றுவது நல்ல கறிக்குச் செய்யும் அநியாயம்.

கடைக்கு இந்த அரை மணி நேரம் கிடைப்பது கடினம். பத்து, பதினைந்து கிலோ கறி ஒரே வாணலியில் கிடக்கும்போது அடியில் இருப்பது கருகும், மேலே இருப்பது ஆவியில் அவியும். அதனால் சமையல்காரர் நீர் தெளிக்கிறார், வெங்காய விழுதையோ உருளைக்கிழங்கையோ கூட்டிக் கெட்டியாக்குகிறார். பிறகு அது 11 மணிக்குச் சூட்டுத் தட்டில் ஏறி 3 மணி வரை இருக்கிறது. ஆவி படிந்து மேலே நீர் கோத்துக்கொள்ளும். ஓரத்தில் மசாலா காய்ந்து ஏடு கட்டும். இதில் சமையல்காரரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளவின் சங்கடம் அது. சிறு சிறு வாணலியாகப் பல தடவை பிரட்டும் கடைகளும் இருக்கின்றன. அங்கே கல்லாவுக்குப் பின்னாலிருந்து கரண்டிச் சத்தம் நிற்காமல் வரும். அந்தச் சத்தம் கேட்கும் கடையில் பிரட்டலைத் தயங்காமல் கேட்கலாம். மற்றபடி ஆட்டிறைச்சிப் பிரட்டலில் வீடுதான் முன்னால் நிற்கிறது, வீட்டில் இரண்டு மணி நேரம் கொடுக்க ஆள் இருந்தால்.

மீன் குழம்பில் நிலைமை தலைகீழ். நல்ல மீன் குழம்புக்கு வேண்டியது தலையும் எலும்பும் பெரிய பானையும். கடையில் பத்துப் பதினைந்து மீன் தலை ஒரே பானையில் இறங்குகிறது. எலும்பின் சாறு புளியோடு கலந்து குழம்புக்கு ஒரு கனம் வருகிறது. வீட்டில் இரண்டு துண்டு தெங்கிரி மீனைப் போட்டு அந்தக் கனத்தைக் கொண்டுவர முடியாது. காலையில் கூட்டிய குழம்பு மதியத்துக்குள் காரமும் புளியும் ஒன்றோடொன்று இணங்கி நிற்பதும் கடைக்குச் சாதகம்; பிரட்டலைக் கெடுத்த அதே காத்திருப்பு இங்கே நன்மை செய்கிறது. வீட்டில் இதை நெருங்க ஒரு வழி உண்டு. மீன்காரரிடம் தலையையும் நடு எலும்பையும் கேட்டு வாங்கி, முதல் நாள் மாலையே வெந்தயம், வெங்காயம், தக்காளி, புளியோடு குழம்பைக் கொதிக்கவிட்டு வடிகட்டி, ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். மறுநாள் அதைக் கொதிக்கவைத்து, வெண்டைக்காயும் கத்தரிக்காயும் போட்டு, கடைசி எட்டுப் பத்து நிமிடத்துக்கு மட்டும் மீன் துண்டுகளை இறக்கினால் துண்டும் உடையாது, குழம்பும் நீர்த்திருக்காது.

பாகற்காய் வறுவல் மலேசிய இலையின் தனிச்சொத்து. மெல்லிய வளையமாக நறுக்கி, உப்பில் பிசறிப் பிழிந்து, மாவும் மிளகாய்த்தூளும் தூவி மொறுமொறுவென்று பொரித்தெடுப்பது. இதற்கு ஆழமான எண்ணெயும் பெருந்தீயும் வேண்டும். கடையின் அடுப்பு அதற்காகவே அமைந்தது. வீட்டுச் சட்டியில் ஒரு கிண்ணம் பாகற்காயை ஒரே நேரத்தில் போட்டால் எண்ணெயின் சூடு விழுந்து காய் எண்ணெய் குடிக்கும். ஒவ்வொரு கைப்பிடியாகப் பொரித்தால் வீட்டிலும் சரியாக வரும். பொரித்த மீனுக்கும் இதே கதைதான். கடையில் கேட்டபின் பொரித்துத் தருவார்களானால் வீட்டைவிட நன்றாக இருக்கும். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்த மீன் தன் ஆவியிலேயே பதமிழந்து கிடக்கும். எண்ணெய் கருத்து நுரை தள்ளினால் அன்றைக்குப் பொரியலைத் தவிர்ப்பது நல்லது.

கீரையும் முட்டைக்கோஸும் வீட்டுக்கே உரியவை. பச்சைக் காய்களின் நிறம் நீண்ட சூட்டில் மங்கிப் பழுப்புப் பச்சையாகிறது. காயிலுள்ள இயற்கைப் புளிப்பு, பச்சையத்திலிருந்து மக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதே காரணம். கடைத் தட்டில் ஒரு மணி நேரம் இருந்த கீரையின் நிறமே அதன் வயதைச் சொல்லிவிடும். வீட்டில் காய்களைக் கடைசியில் வதக்குவது ஒன்றே போதும்.

ரசத்தைப் பற்றி விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டியிருக்கிறது. ரசம் கொதிக்கக் கூடாதது. மிளகு சீரகத்தின் மணம் ஆவியாகப் பறந்துவிடும் எண்ணெய்களில் இருக்கிறது. மதியம் முழுக்க அடுப்பில் கொதிக்கும் அண்டாவில் மிஞ்சுவது புளிப்பும் உப்பும் மட்டுமே. வீட்டில் மிளகையும் சீரகத்தையும் பூண்டையும் இடிகல்லில் நறநறவென்று தட்டிப் போட்டு, விளிம்பில் நுரை கூடி எழும் கணத்தில் இறக்கி, தாளித்துக் கொட்டி மூடினால், அந்த ஒரு டம்ளருக்கு ஈடாகக் கடையில் எதுவும் கிடைப்பது அரிது. சாப்பிட உட்காரும் வேளையில்தான் ரசம் இறங்க வேண்டும். முன்கூட்டியே வைத்துச் சூடாக்கிய ரசம் வீட்டு ரசமானாலும் கடை ரசம்தான்.

சோற்றில் பெரிய வேறுபாடு இல்லை. புழுங்கல் அரிசி உமியோடு வெந்து உலர்ந்த பிறகே தீட்டப்படுவதால், பெரிய பானையில் பல மணி நேரம் இருந்தாலும் குழையாமல் நிற்கிறது. ஆகவே கடையில் புழுங்கல், வெள்ளை இரண்டும் இருந்தால், நேரம் கடந்து போனவர்கள் புழுங்கலைக் கேட்பது புத்திசாலித்தனம்.

கடைக்குப் போகும் நேரமும் முக்கியம். சமைத்த உணவு 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கவேண்டும், அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. செமினியின் வெயிலில் தேங்காய்ப்பால் சேர்ந்த குழம்பு அதற்குமுன்பே கெடத் தொடங்கலாம். 12 மணிக்கு இலை போடும்போது உட்கார்ந்தவருக்கும் இரண்டரை மணிக்கு உட்கார்ந்தவருக்கும் கிடைப்பது ஒரே கடையின் ஒரே சாப்பாடு அல்ல. ஒரு கடையைப் பிடிக்கவில்லை என்று ஒதுக்குவதற்கு முன் ஒருமுறை 12 மணிக்குப் போய்ப் பார்ப்பதே நியாயம்.

செலவைக் கணக்கிடும்போது ஆட்களின் எண்ணிக்கை எல்லாவற்றையும் மாற்றிவிடுகிறது. கடையில் சோற்றையும் காயையும் மறுபடி கேட்டு வாங்கலாம். இறைச்சிக்கும் மீனுக்கும் தனி விலை. இரண்டு பேருக்காக வீட்டில் மூன்று காய், ரசம், குழம்பு, பிரட்டல் என்று வைப்பது பணத்திலும் உழைப்பிலும் நட்டம். எட்டுப் பேர் கூடும் வீட்டில் கணக்கு புரண்டுவிடும். ஆனால் பணம் மட்டும் கணக்கல்ல. காலை எட்டு மணிக்கு அடுப்படிக்குள் போய், எல்லோருக்கும் பரிமாறி, கடைசியில் ஆறிப்போன சோற்றுக்கு முன்னால் உட்காருபவர் பெரும்பாலும் அம்மாவோ பாட்டியோ ஆகத்தான் இருக்கிறார். அடுப்புக்கும் இலைக்கும் இடையே நேரம் குறைவாக இருப்பதே வீட்டுச் சாப்பாட்டின் பலம் என்றால், அந்தப் பலன் சமைத்தவருக்கு மட்டும் கிடைப்பதில்லை. வெங்காயம் உரிப்பது, தேங்காய் துருவுவது, பாகற்காய் நறுக்குவது ஆகியவற்றை முதல் நாள் இரவே மற்றவர்கள் முடித்துவைத்து, ஞாயிறன்று முதல் இலையைச் சமைத்தவருக்கே போடும் வீடுகளில் இந்தக் குறை நீங்குகிறது.

இரண்டையும் கலப்பதில் வெட்கம் எதுவும் இல்லை. மீன் குழம்பும் பாகற்காயும் கடையிலிருந்து கட்டி வாங்கி வந்து, பிரட்டல், ரசம், கீரை, சோறு ஆகியவற்றை மட்டும் வீட்டில் வைத்தால் அடுப்படி வேலை ஏறத்தாழ பாதியாகிறது. இலையில் ஒவ்வொன்றும் அதனதன் நல்ல நிலையில் வந்து விழுகிறது. பாகற்காயைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் காகிதத்தில் வாங்கவேண்டும், பையில் வந்தால் பத்து நிமிடத்தில் நமத்துவிடும். குழம்பை வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை தளதளவென்று கொதிக்கவிடுவது அவசியம். வீட்டுக் கொல்லையில் வெட்டிய இலை விறைப்பாக இருந்தால் நெருப்பின்மேல் ஒரு வீச்சு காட்டினால் கிழியாமல் வளையும். நுனி இடப்பக்கம் இருக்கும்படி போடவேண்டும், சாப்பிட்டு முடித்ததும் தம் பக்கமாக மடிக்கவேண்டும்.

மிஞ்சிய பிரட்டலை ஆறியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் காலை தண்ணீர் விடாமல் வாணலியில் மறுபடி பிரட்டினால் முதல் நாளைவிடக் கருத்து, தோசைக்குச் சரியாக இருக்கும்.