தூரப் பயணத்துக்குச் சைக்கிள் பழகுவோம்

உங்களுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியுமா? சின்ன வயதில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியிருப்பீர்கள். பிறகு விட்டுப் போயிருக்கும். பரவாயில்லை. ஒரு முறை பழகிய சைக்கிள் உடம்பை விட்டுப் போகாது.

ஆனால் கடைக்குப் போய் வருவது வேறு. நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் போய் வருவது வேறு. அதற்குத் தனியாகப் பழக வேண்டும். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

முதலில் ஒரு பழைய செய்தி. 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது அங்கே மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். உள்கிராமங்களில் பாடம் நடத்தப் பெண் தொண்டர்கள் வேண்டும். பஸ் போகாத ஊர்களுக்கு அவர்கள் எப்படிப் போவார்கள்? சைக்கிள் கற்றுக்கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். எழுத்தோடு சைக்கிளும் பாடமாயிற்று.

கல் உடைக்கும் பெண்கள், வயல் வேலை செய்யும் பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் எல்லோரும் பழகினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதவில்லை. அதனால் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். அதில் ஒரு வசதியும் இருந்தது. முன் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஆனாலும் தண்ணீர்க் குடம், பிள்ளை, காய்கறி மூட்டை எல்லாம் சைக்கிளில் ஏறின.

நல்ல காரியத்துக்குப் பணம் சேர்க்கவும் சைக்கிள் உதவும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1980-இல் 36 பேர் புற்றுநோய் ஆராய்ச்சிக்காகச் சைக்கிளில் கிளம்பினார்கள். அந்தப் பயணம் ஆண்டுதோறும் தொடர்கிறது. இலங்கையில் 2011-இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தே போனார்கள். சுமார் 670 கிலோமீட்டர். யாழ்ப்பாணம் தெல்லிப்பழையில் புற்றுநோய் மருத்துவமனை கட்ட அந்தப் பணம் உதவியது. அது நடை. நம்முடையது சைக்கிள். பழகும் முறை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இனி எங்கள் கதை. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு படிப்பு மையம். அங்கே படிக்கும் ஓர் அக்காவின் மகளுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். சிகிச்சைக்குச் சலுகை கிடைத்தது. வண்டிக் கூலிக்கும் மருந்துக்கும் கிடைக்கவில்லை. ஒரு வாரம் கூலிக்குக் காசு இல்லாமல் ஒரு முறை தப்பிவிட்டது. பெண்ணுக்கு மூச்சு முட்டிப்போயிற்று. அதற்குப் பிறகுதான் நாங்கள் 11 பேர் சைக்கிளில் பொள்ளாச்சி வரை போய்ப் பணம் சேர்ப்பது என்று முடிவு செய்தோம். போக வர ஏறத்தாழ 45 கிலோமீட்டர்.

டீக்கடை பெஞ்சில் சிரித்தார்கள். "பாதி வழியில லாரி பிடிச்சு வருவாங்க பாரு" என்று ஒருவர் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, முதல் வாரம் எங்களுக்கே அந்தப் பயம் இருந்தது.

ஒன்பது வாரம் பழகினோம். முதல் வாரம் 5 கிலோமீட்டர். அதுவும் வாரத்தில் மூன்று நாள் மட்டும். மற்ற நாள் ஓய்வு. ஓய்வு நாளில்தான் தசை தன்னைச் சரிசெய்து பலம் பெறுகிறது. தினமும் ஓட்டினால் சீக்கிரம் பலம் வரும் என்று நினைப்பது தவறு. இரண்டாம் வாரம் முதல் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட பயணம் வைத்தோம். அது 8, பிறகு 12 என்று ஏறியது. நான்காம் வாரம் ஏற்றவில்லை. பிறகு 16, 20, 26, 32. கடைசி வாரம் மிகக் குறைவாக ஓட்டினோம். 32 ஓட்டியவர் 45 ஓட்டிவிடலாம். பழகும்போதே முழுத் தூரமும் ஓட்ட வேண்டியதில்லை.

தொடை வலித்தால் பயப்பட வேண்டாம். இரண்டு நாளில் போகும். முழங்கால் மூட்டு வலித்தால் நிறுத்துங்கள். பெரும்பாலும் சீட் தாழ்வாக இருப்பதுதான் காரணம். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைக் கீழ்ப் பெடலில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். அதுவே சரியான உயரம். பிறகு முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். சீட்டை உயர்த்தினால் விழுந்துவிடுவோம் என்று எங்களில் பாதிப்பேர் மறுத்தார்கள். ஒரு தடவைக்கு ஒரு விரல் அளவு உயர்த்தினோம். பழகிவிட்டது.

நெஞ்சு வலி, இரத்தக் கொதிப்பு, சர்க்கரை உள்ளவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்ட பிறகே பழக வேண்டும்.

காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர் பாலக்காட்டுக் கணவாயில் இருக்கிறது. மேற்கு மலைத் தொடரில் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். காற்று அதன் வழியாகத்தான் புகுந்து போகிறது. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து வரும். மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வரும். ஐந்தாம் வாரம் நாங்கள் இதை மறந்தோம். சித்தூர்ப் பக்கம், அதாவது மேற்கே, 8 கிலோமீட்டர் போனோம். சைக்கிள் பறந்தது. நமக்குப் பலம் வந்துவிட்டது என்று நினைத்தோம். திரும்பினால் எதிர்க்காற்று! முகத்தில் புழுதி. சேலை, துப்பட்டா எல்லாம் பாய் மரம் போல் விரிந்து பின்னால் இழுத்தன. ஓர் அக்கா இறங்கித் தள்ளிக்கொண்டே அழுதார். அன்றைக்கு இரண்டு பேர் இனி வரமாட்டோம் என்றார்கள். ஒருவர் திரும்பி வந்தார்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்தோம். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. பொள்ளாச்சி எங்களுக்குக் கிழக்கே இருக்கிறது. கொஞ்சம் மேடும்கூட. காலையில் உடம்பில் தெம்பு இருக்கும்போது மேட்டையும் காற்றையும் முடித்துவிடலாம். மாலையில் காற்றே தள்ளிக்கொண்டு வரும். தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அப்போது இந்த வேலை வேண்டாம்.

மறையூர், மூணாறு பக்கத்து நண்பர்களுக்குக் காற்றைவிட மலைதான் கணக்கு. மறையூர் சுமார் 1,000 மீட்டர் உயரம். மூணாறு 1,500 மீட்டர். இடையே 40 கிலோமீட்டர். கியர் இல்லாத சைக்கிளில் பாதி வழி தள்ளித்தான் போக வேண்டும். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. இறக்கத்தில்தான் ஆபத்து. ஒரே பிரேக்கை இறுக்கிப் பிடித்தே வராதீர்கள். இரண்டையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். மழையில் பிரேக் கட்டை சீக்கிரம் பிடிக்காது. சின்னாறு காட்டு வழியில் யானை உண்டு. பொழுது விடிந்த பின் போங்கள், அந்திக்கு முன் வெளியே வந்துவிடுங்கள். சைக்கிளுக்கு அனுமதி உண்டா என்று செக்போஸ்ட்டில் முன்பே கேளுங்கள்.

தண்ணீர் விஷயம் பெண்கள் வெளியே சொல்லாத விஷயம். வழியில் ஒதுங்க இடம் இருக்காது என்று தண்ணீரே குடிக்காமல் வருகிறோம். மயக்கம் வருவது அதனால்தான். எனவே புறப்படும் முன்பே வழியில் எங்கே கழிப்பறை இருக்கிறது என்று பார்த்து எழுதிக்கொண்டோம். பெட்ரோல் பங்க், பள்ளிக்கூடம், தெரிந்தவர் வீடு. அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் எல்லோரும் தைரியமாகக் குடித்தார்கள். கால் மணிக்கு ஒரு முறை இரண்டு வாய் குடியுங்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைக் கரண்டி உப்பு. கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். இது கையில் இருக்கட்டும். வாழைப்பழமும் கடலை மிட்டாயும் போதும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மிதிக்க முடியாது.

பஞ்சர் ஒட்ட இரண்டு பேராவது பழகிக்கொள்ளுங்கள். டயரைக் கழற்றி, டியூபில் காற்றடித்து, தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். துடைத்துக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, சொலுசன் தடவி, கொஞ்சம் உலர விட வேண்டும். இந்தக் 'கொஞ்சம்' முக்கியம். ஈரத்தோடு ஒட்டினால் ஒரு மைலில் பிரிந்துவிடும். டயரின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். முள் அங்கேயே இருக்கும்.

சாலையில் இடது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். பேசிக்கொண்டு ஜோடியாகப் போகும் ஆசையை அடக்க வேண்டும். எங்கள் சாலையில் தேங்காய் லாரிகள் அதிகம்.

பணத்துக்கு வருவோம். எங்கள் பகுதியில் முன்பு யாரோ பெட்டி குலுக்கி வசூல் செய்தார். கணக்கு வரவே இல்லை. அந்தக் கெட்ட பெயர் எங்கள் மேலும் விழும் என்று தெரியும். அதனால் நம்பர் போட்ட ரசீதுப் புத்தகம் அடித்தோம். வசூலைத் தினமும் இரண்டு பேர் எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கை மையத்தின் சுவரில் ஒட்ட வேண்டும்.

ரசீது எழுதும் வேலையை ஒரு பெரியம்மா எடுத்துக்கொண்டார். முழங்கால் வலியால் அவர் சைக்கிள் ஓட்டவில்லை. பஸ்ஸில் வந்தார். மூன்று வருடம் முன்பு வரை கைநாட்டு வைத்தவர். பொள்ளாச்சியில் ஒரு மளிகைக் கடைக்காரர் 500 ரூபாய் நீட்டினார். "நீங்களே எழுதுவீங்களாம்மா?" என்று கேட்டார். பெரியம்மா பதில் சொல்லவில்லை. பேனாவைத் திறந்தார். தேதி, பெயர், தொகை எண்ணால், தொகை எழுத்தால். 'ஐந்நூறு' என்ற சொல்லில் ஒரு நிமிடம் நின்றார். வரிசையில் ஆள் சேர்ந்தது. கடைக்காரர் எல்லோரையும் கையமர்த்திக் காத்திருந்தார். ரசீதைக் கிழித்துக் கொடுத்ததும் அதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கல்லாவுக்குள் வைத்தார்.

10 பேரும் மாலை 5 மணிக்குள் ஊர் திரும்பினோம். லாரி பிடிக்கவில்லை. அந்தப் பெண்ணின் வண்டிக் கூலி இப்போது மாதத் தொடக்கத்திலேயே ஓட்டுநரிடம் கொடுக்கப்படுகிறது. சுவரில் ஒட்டிய கணக்கை டீக்கடைக்காரர்களும் வந்து படித்தார்கள்.

பயிற்சி

1. போகும்போது 22½ கிலோமீட்டர். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம். எத்தனை மணி நேரம் ஆகும்? வரும்போது மணிக்கு 15 கிலோமீட்டர் வேகம் என்றால்?

2. கிலோமீட்டருக்கு 5 ரூபாய் தருவதாக ஒருவர் சொல்கிறார். ஒருவர் 45 கிலோமீட்டர் ஓட்டினால் எவ்வளவு? 10 பேர் ஓட்டினால் எவ்வளவு?

3. உங்கள் ஊரில் மார்கழி மாதம் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

4. 350 ரூபாய்க்கு ஒரு ரசீது எழுதுங்கள். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும்.