அன்னைக்கு ஒரு பயணக் கடிதம்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், ஆந்திர எல்லையை அடுத்து அமைந்த ஊர் கும்மிடிப்பூண்டி. அங்குள்ள சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகளில் பணிபுரிவதற்காகத் தொலைவூர்ப் பெண்கள் பலர் வந்து தங்கியுள்ளனர். நெல்லைச் சீமைச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த அத்தகைய ஒருத்தி, தன் அன்னைக்கு எழுதும் கடிதத்தை எண்ணிப் பார்க்கலாம்.

“பொங்கலுக்கு வந்துவிடு” என்று அன்னை அழைத்திருக்கிறாள். தை இறுதியில் தங்கையின் திருமணம். ஆனியில் அன்னைக்குக் கண் அறுவை. மூன்றுக்கும் செல்ல மகளுக்கு ஆசைதான். ஆனால், 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் ஊதியத்துடன் கூடிய விடுப்பு என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்த கணக்கு. 2025 நவம்பரில் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்த சட்டத்தொகுப்பும் அக்கணக்கை மாற்றவில்லை. 240 நாள் உழைத்தவளுக்குக் கிடைப்பவை 12 நாட்களே. திருமணத்துக்கு 6, கண் அறுவைக்கு 6 என வைத்தால் பொங்கலுக்கு ஒன்றும் எஞ்சவில்லை.

ஆகவே அவள், “அம்மா, பொங்கலுக்கு என்னால் வர இயலாது” என்று முதல் வரியிலேயே எழுதுகிறாள். நலம் விசாரித்து, மழையைப் பற்றி எழுதி, மறுப்பைக் கடைசி வரியில் ஒளித்து வைத்தால், அதுவரை படிக்கும் தாயுள்ளம் வீணே மகிழ்ந்து பின் வாடுமன்றோ! கடிதத்தைப் படித்துக் காட்டப்போவது அண்டை வீட்டுப் பள்ளிச் சிறுவன் என்பதையும் அவள் மறக்கவில்லை. ஊர் அறியத்தகாத பணச் செய்தியை அவள் எழுதுவதில்லை. அதனைத் தொலைபேசியில் சொல்லிக்கொள்வாள். நாளும் நேரமும் மட்டும் தாளில் இருத்தல் வேண்டும். சொல்லிக் கேட்ட தேதி மறந்துபோகும், நாட்காட்டியின் பின்னே செருகிய தாள் அங்கேயே இருக்கும்.

அடுத்துப் பயணத் திட்டம் வருகிறது. 2024 நவம்பர் முதல் நாள் தொட்டு, இரயிலில் 120 நாள் முன்பதிவு 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பிப்ரவரி 4ஆம் நாள் இரவுப் பயணத்துக்கு டிசம்பர் 6ஆம் நாள் காலை 8 மணிக்கே முயன்று, இடம் பெற்றுவிட்டாள். அன்று பிற்பகல் புறநகர் வண்டியில் ஏறத்தாழ 46 கிலோமீட்டர் கடந்து சென்னை சென்ட்ரலை அடைவாள். அங்கிருந்து எழும்பூர் சென்று நெல்லை விரைவு வண்டி ஏறுவாள். புறநகர் வண்டி தாமதித்து அது தவறினால், 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்தில் வருவாள். அப்போது நண்பகல் ஆகலாம். உடன் வருபவள் விடுதித் தோழி; அவளும் நெல்லைக்காரிதான்.

“இருளில் நீங்கள் சந்திப்புக்கு வந்து காத்திருக்க வேண்டாம் அம்மா; விடிந்தபின் நானே நகரப் பேருந்தில் வந்துவிடுவேன்” என்றும் எழுதுகிறாள். திரும்பும் நாளையும் அதன் கீழேயே குறிக்கிறாள்: பிப்ரவரி 9, இரவு வண்டி. மறுநாள் இரவு முறைவேலைக்கு அவள் ஆலையில் இருந்தாக வேண்டும்.