மன்னாரில் நூற்றுக்கு ஒருவரா வறியவர்? அபிவிருத்தியை அளக்கும் விதம்

2012/13 ஆம் ஆண்டில் மன்னார் மாவட்டத்தில் நூறு பேரில் இருபது பேர் வறியவர்கள். 2016 இல் நூற்றுக்கு ஒருவரே வறியவர். இவை யாரோ மேடையில் சொன்ன கணக்கல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்ட எண்கள். சரியாகச் சொன்னால் 20.1 வீதமும் 1.0 வீதமும். 2016 இல் நாடு முழுவதற்குமான வீதம் 4.1, கிளிநொச்சியில் 18.2. அதாவது நாட்டின் சராசரியை விட மன்னார் நல்ல நிலையில் இருந்தது என்றாகிறது. பேசாலையிலோ வங்காலையிலோ விடத்தல்தீவிலோ இதை வாசித்துக் காட்டினால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் சிரித்துவிட்டு விடக்கூடிய விடயம் அல்ல இது. எந்த மாவட்டத்துக்கு முதலில் உதவி, எங்கே எவ்வளவு நிதி என்ற பேச்சு வரும்போது மேசையில் இருப்பவை இத்தகைய எண்களே. ஆகவே அபிவிருத்தி எவ்வாறு அளக்கப்படுகிறது என்பதை இம்முறை எமது கரையில் நின்றே படிப்போம்.

வறுமையை அளப்பதற்குத் திணைக்களம் வீட்டு வருமான செலவின ஆய்வு ஒன்றை நடத்துகிறது. ஒரு குடும்பம் மாதத்தில் உண்பது, உடுப்பது, செலவிடுவது எல்லாவற்றையும் கூட்டி, ஆட்களின் தொகையால் பிரிப்பார்கள். வரும் தொகை வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தால் அக்குடும்பத்தார் வறியவர்கள்; மேலே இருந்தால் இல்லை. 2016 இல் அந்தத் தேசியக் கோடு ஒருவருக்கு மாதம் 4,166 ரூபாய். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 20,830 ரூபாய். 20,800 ரூபாய் செலவிட்ட வீடு வறிய வீடு. 20,900 ரூபாய் செலவிட்ட அயல்வீடு வறுமையைக் கடந்த வீடு. இரண்டு வீட்டுப் பானையிலும் வேகும் சோறு ஒன்றுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, அளக்கப்படுவது செலவு என்பதாகும். அந்தப் பணம் உழைத்து வந்ததா, கடனாக வந்ததா என்று கோடு கேட்பதில்லை. சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கி அரிசி வாங்கினாலும், நுண்கடன் நிறுவனத்திடம் வாங்கிப் பிள்ளைக்குச் சப்பாத்து வாங்கினாலும் அது செலவே. போருக்குப் பின் வடக்கில் நுண்கடன் எவ்வளவு பரவியது என்பதை மாதர் சங்கங்களில் இருப்போருக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2018 இல் அரசே வடமாகாணம் உட்பட 12 மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டியிருந்தது. கோட்டுக்கு மேலே ஏறிய குடும்பங்களில் எத்தனை கடனில் ஏறி நின்றன என்பதை 1.0 என்ற எண் காட்டாது.

ஆய்வு பன்னிரண்டு மாதமும் நடக்கிறது என்றாலும், ஒரு வீட்டைப் பற்றி ஒரு தடவையே கணக்கு எடுக்கப்படுகிறது. கடல் கொடுக்கும் மாதமும் கடல் மறுக்கும் மாதமும் எமக்கு வேறு வேறு. மேலும் நாடு முழுவதிலும் சுமார் 25,000 வீடுகளே தெரிவாகின்றன. 2012 இல் சனத்தொகை ஏறக்குறைய ஓர் இலட்சமேயாக இருந்த எமது மாவட்டத்துக்கு அவற்றில் வருபவை சில நூறு. அப்படியான சிறு தொகையில் சில பத்து வீடுகள் மாறினால் வீதம் பெரிதும் மாறும். அதற்கு முன்னர் நிலைமை இன்னும் மோசம்: 2009/10 ஆய்வில் மன்னார், கிளிநொச்சி, முல்லைத்தீவு ஆகிய மூன்று மாவட்டங்களும் சேர்க்கப்படவே இல்லை. எண்ணப்படாத இடத்தில் வறியவர் எவருமில்லை!

கோடும் கல்லில் வெட்டியதல்ல. 2022 இல் திணைக்களம் அதைப் புதிதாகக் கணித்தது. அதன்படி 2019 ஆம் ஆண்டுக்கான கோடு 6,966 ரூபாய். அவ்வாண்டில் நாட்டில் வறியவர் 14.3 வீதம், சுமார் 30 இலட்சம் பேர். பழைய கோட்டின்படி 2016 இல் 4.1 வீதம்தானே? மூன்று வருடங்களில் நாடு அவ்வளவு சரிந்துவிடவில்லை, அளவுகோல் மாறியது.

இனி, பத்திரிகைகளில் அடிக்கடி காணும் மொத்த உள்நாட்டு உற்பத்தியைப் பார்ப்போம். ஓர் ஆண்டில் ஓர் எல்லைக்குள் உற்பத்தியான பொருட்களினதும் சேவைகளினதும் பெறுமதி அது. மீன் விற்ற பணம் முழுவதும் அதில் சேராது. மண்ணெண்ணெய், ஐஸ், இரை போன்றவற்றின் செலவைக் கழித்த மிச்சமே சேரும். கரையில் பங்கு பிரிக்கும் முறையை அறிந்த எவருக்கும் இது புதிதல்ல. ஒரு படகு ஒரு தொழிலுக்கு 20 லீற்றர் எரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக உயர்த்தப்பட்டது. முன்பு 1,740 ரூபாய், பின்பு 6,800 ரூபாய். 12,000 ரூபாய்க்கு மீன் பட்டால், முன்பு பத்தாயிரத்துக்கு மேல் நின்ற மிச்சம் பின்பு 5,200 ஆகிறது. ஐஸையும் இரையையும் இன்னும் கழிக்கவில்லை. அதே கடல், அதே மீன், அதே உழைப்பு.

மாகாண உற்பத்திக் கணக்கில் வேறொரு சிக்கலும் உண்டு. 2020 டிசம்பரில் மன்னார் தீவின் தென்கரையோரம் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டது. 30 கோபுரங்கள், ஏறக்குறைய 100 மெகாவாற்று. அங்கே பிறக்கும் மின்சாரத்தின் பெறுமதி வடமாகாணத்தின் உற்பத்தியாகவே எழுதப்படும். ஏனெனில் உற்பத்திக் கணக்கு, பொருள் எங்கே உண்டானது என்று பார்க்கிறதேயன்றி, பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்ப்பதில்லை. நாட்டுக்கு அந்த மின்சாரம் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மாகாணம் வளர்ந்தது என்ற செய்தியும், கோபுரத்தின் அடியில் வலை இழுப்பவர் வளர்ந்தார் என்ற செய்தியும் ஒன்றல்ல. 2025 இல் மேலும் கோபுரங்கள் வேண்டாமென்று மன்னாரில் மக்கள் வீதிக்கு வந்தபோது, இந்த இரண்டு கணக்குகளே மோதிக்கொண்டன எனலாம்.

உற்பத்திக் கணக்கு கழிக்காமல் விடும் பெரிய செலவு, கடலின் தேய்மானம். றோலர் அடிமடியோடு வாரிக்கொண்டு போவது அந்த ஆண்டின் உற்பத்தி. கிழிந்த கடற்புல்லும் அழிந்த குஞ்சும் எங்கும் பற்றெழுதப்படுவதில்லை. இலங்கை 2017 இல் அடிமடி இழுவையைச் சட்டத்தால் தடை செய்தது. அத்தடை கணக்கில் ஒரு நட்டம் போலத் தெரியும், கரையில் அப்படியல்ல. இதற்கு எமது பழைய சாட்சி முத்துக்குளிப்பு. அரிப்பு, சிலாவத்துறைக் கடலில் 1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் குளிப்பு நடந்தது. 1905 இல் அரசுக்குக் கொள்ளை வருமானம். 1906 இல் பார்களை ஒரு கம்பனிக்கு 20 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 1907 க்குப் பின் பல ஆண்டுகள் குளிக்கச் சிப்பி இல்லை. சிப்பி குறைந்ததன் காரணம் எதுவாயினும், 1905 இன் கணக்கை மட்டும் பார்த்தவருக்கு அது பொற்காலம்.

தலா வருமானம் என்பது மொத்த வருமானத்தைத் தலைகளால் பிரிப்பது. அது 4,060 டொலர் என்று கண்டு உலக வங்கி 2019 யூலையில் இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடாக உயர்த்தியது. மறு வருடம் 4,020 டொலர் என்று கண்டு பழைய படிக்கே இறக்கியது. நண்டுக் கொம்பனி முதலாளியையும் நண்டு உடைக்கும் பெண்ணையும் கூட்டி இரண்டால் பிரித்தால் அப்பெண்ணும் வசதிக்காரியாகிவிடுவாள்.

இக்குறைகளைக் கண்டே பாகிஸ்தானியப் பொருளியலாளர் மஹ்பூப் உல் ஹக், அமர்த்திய சென் போன்றோரின் துணையுடன் 1990 இல் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் மூலம் மனித அபிவிருத்திச் சுட்டெண்ணை வெளிக்கொணர்ந்தார். ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் அது சேர்த்துப் பார்க்கிறது. இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் இருந்தமையால் இலங்கை அதில் தன் வருமானத்தை மிஞ்சிய இடத்தில் நிற்கிறது. ஆயினும் அதுவும் நாட்டின் சராசரியே. முசலியில் ஒரு பிள்ளை எவ்வளவு தூரம் நடந்து பள்ளிக்கூடம் போகிறது என்பது அதில் வராது.

அளவுகோல் இப்போது வீட்டு வாசலுக்கே வந்துள்ளது. 2023 இல் தொடங்கிய அஸ்வெசும உதவி, 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தரம் பிரிக்கிறது. படிவத்தோடு வரும் உத்தியோகத்தருக்கு என்ன பதில் சொல்கிறோம், எது எழுதப்படுகிறது, எது விடப்படுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

ஆகவே இவ்விதழை வாசிக்கும் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் மாதர் சங்கங்களும் ஒரு கொப்பி வாங்கித் தங்கள் கணக்கைத் தாங்களே எழுதிப் பார்க்கலாம். பத்து வீடுகள் போதும். கடலுக்குப் போன நாட்கள், எண்ணெய்ச் செலவு, கைக்கு வந்த பங்கு, அந்த மாதம் கட்டிய கடன், அடகுக்குப் போன நகை, குடிதண்ணீர் எடுக்கச் செலவான நேரம், கருவாடு போட்ட பெண்ணின் உழைப்பு, பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளை. பெயர்களை எழுத வேண்டாம். வீட்டுக்கு ஓர் இலக்கம் போதும், ஏனெனில் கடன் விபரம் ஊர்ப்பேச்சாகக் கூடாது. எழுதுவதற்குப் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று போதும். வாடையில் ஒரு தடவையும் சோழகத்தில் ஒரு தடவையும் எடுத்து, இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துச் சங்கக் கூட்டத்தில் வாசியுங்கள்; பிரதேச செயலகத்துக்குப் போகும்போது கொப்பியையும் கொண்டுபோங்கள்.